உதயகிரிக் கல்லறையிலும் வெள்ளை மாளிகையிலும் ஒரே பெயர்! - ‘டி லனாய்’ ஊர் ஊராகப் போன கதை | பேர் சொல்லும் கதை

பாஸ்போர்ட் விண்ணப்பத்தை ஆன்லைனில் நிரப்பும்போது பலருடைய விரலும் நின்றுவிடும் இடம் ஒன்று உண்டு. ‘கிவன் நேம்’ என்ற கட்டத்தை நிரப்பியதும், அடுத்து வரும் ‘சர்நேம்’ என்ற கட்டம். அப்பா பெயரைப் போடுவதா? ஊர்ப் பெயரைப் போடுவதா? வீட்டுப் பெயரைப் போடுவதா? இல்லை, காலியாகவே விட்டுவிடுவதா?

வீட்டுக்கு ஒருவர் வளைகுடாவிலோ கப்பலிலோ இருக்கும் ஊர்கள் நிறைந்த கன்னியாகுமரி மாவட்டத்தில், இந்தக் கட்டத்துக்கு முன்னால் குழம்பி நிற்காத குடும்பம் குறைவு. ஏனென்றால், தலைமுறை தலைமுறையாக மாறாமல் வரும் குடும்பப் பெயர் என்ற வழக்கம் தமிழர்களில் பெரும்பாலானவர்களுக்கு இல்லை.

ஆனால், இதே மாவட்டத்தின் கடற்கரையில் சுமார் 285 ஆண்டுகளுக்கு முன்பு ஒருவர் வந்து இறங்கினார். அவருக்குப் பக்காவான சர்நேம் இருந்தது. அந்தப் பெயரில்தான் ஓர் அமெரிக்க ஜனாதிபதியின் பெயரில் பாதி இருக்கிறது. லக்சம்பர்க் நாட்டின் இன்றைய அரச குடும்பத்திலும் அது இருக்கிறது. கலிஃபோர்னியாவில் அதே பெயரில் ஒரு நகரமே இருக்கிறது. குமரி மாவட்டத்தில் மட்டும், அது ஒரு கல்லறையோடு நின்றுவிட்டது.

அந்தப் பெயர், டி லனாய்.

‘வலிய கப்பித்தான்’

1741-ம் ஆண்டு. திருவிதாங்கூரை ஆண்டுகொண்டிருந்தவர் மார்த்தாண்ட வர்மா. மிளகு வியாபாரத்தைத் தன் பிடிக்குள் கொண்டு வர நினைத்த டச்சு கிழக்கிந்திய கம்பெனி, குளச்சலில் படையை இறக்கியது. அந்த மோதலில் டச்சுக்காரர்கள் தோற்றார்கள். சரணடைந்தவர்களில் ஒருவர் எஸ்தாக்கியுஸ் பெனடிக்ட் டி லனாய். இன்றைய பிரான்ஸ் - பெல்ஜியம் எல்லைப் பகுதியில் பிறந்து, டச்சு கம்பெனியில் வேலைக்குச் சேர்ந்து, இலங்கை வழியாகக் குளச்சலுக்கு வந்தவர்.

கைதியாகப் பிடிபட்டவரை மன்னர் தன் படைக்கே ஆசிரியராக வைத்துக்கொண்டார். ஐரோப்பிய முறையில் அணிவகுப்பு, துப்பாக்கிப் பயிற்சி, பீரங்கி வார்ப்பு, கோட்டை கட்டுமானம் எல்லாம் டி லனாயின் பொறுப்புக்கு வந்தன. தக்கலைக்கு அருகே புளியூர்க்குறிச்சியில் இருக்கும் உதயகிரிக் கோட்டை, அவருடைய வேலை இடமாகவும் வீடாகவும் ஆனது. கன்னியாகுமரிக்கு அருகே கடலைப் பார்த்து நிற்கும் வட்டக்கோட்டையைப் பலப்படுத்திக் கட்டியதிலும் அவருக்குப் பங்கு உண்டு. பத்மநாபபுரம் அரண்மனைக்குச் சுற்றுலா போனவர்கள், அவர் மன்னர் முன் சரணடையும் காட்சியை ஓவியமாகப் பார்த்திருப்பார்கள்.

1777 ஜூன் 1-ம் தேதி இறக்கும் வரை, ஏறக்குறைய 36 ஆண்டுகள் அவர் திருவிதாங்கூருக்காகவே வாழ்ந்தார். படைக்கே தலைமைத் தளபதியாக உயர்ந்தார்.

ஆனால், ஊர் மக்கள் வாயில் அவருடைய சர்நேம் நுழையவே இல்லை. அவர்கள் அவரை ‘வலிய கப்பித்தான்’ என்றுதான் அழைத்தார்கள். அதாவது பெரிய கேப்டன். சர்நேமே இல்லாத ஊரில், ஒருவர் செய்யும் வேலைதான் அவருக்குப் பெயர்!

லனாய் என்றால் என்ன?

டி லனாய் என்ற பெயரில் இருக்கும் ‘டி’ என்பதற்கு, ‘அந்த ஊரைச் சேர்ந்த’ என்று பொருள். லனாய் என்பது ஓர் ஊர். வட பிரான்ஸில், லீல் என்ற பெரிய நகரத்துக்குக் கிழக்கே, பெல்ஜியம் எல்லைக்குப் பக்கத்தில் இருக்கிறது. பிரெஞ்சுக்காரர்கள் அதை ஏறக்குறைய ‘லன்வா’ என்று உச்சரிப்பார்கள்.

அந்த ஊர்ப் பெயருக்குள் ஒரு மரம் ஒளிந்திருக்கிறது. ஐரோப்பாவில் ஈரமான நிலங்களிலும் ஆற்றங்கரைகளிலும் வளரும் ஆல்டர் மரம். தண்ணீருக்குள் கிடந்தாலும் சீக்கிரம் இற்றுப்போகாத மரம் அது. வெனிஸ் நகரத்துக் கட்டடங்களைத் தாங்குவதற்காகச் சேற்றில் அடிக்கப்பட்ட கட்டைகளில் ஆல்டரும் ஒன்று. அந்த மரங்கள் கூட்டமாக வளர்ந்த இடத்தை லத்தீனில் ‘அல்நேட்டும்’ என்பார்கள். அதுதான் பிரெஞ்சில் தேய்ந்து தேய்ந்து லனாய் ஆனது.

நாஞ்சில் நாட்டுக்காரர்களுக்கு இது புரியாத விஷயமே இல்லை. பூதப்பாண்டிப் பக்கம் நாவல்காடு என்று ஓர் ஊர் இருக்கிறதே, அதைப் போலத்தான். டி லனாய் என்றால் ‘நாவல்காட்டுக்காரர்’ என்பது மாதிரி. மரத்தின் பெயரால் அமைந்த ஊர்க்காரரான அவர், கடைசியில் அடக்கமானது புளியூர்க்குறிச்சியில். அந்த ஊர்ப் பெயரிலும் ஒரு புளி இருக்கிறது!

இன்னொரு வியப்பும் உண்டு. லனாய் மிகச் சிறிய ஊர். அதன் மொத்தப் பரப்பளவே சுமார் 0.18 சதுர கிலோமீட்டர்தான். அதாவது 44 ஏக்கர் மாதிரி. டி லனாய் வாழ்ந்த உதயகிரிக் கோட்டையின் பரப்பு சுமார் 90 ஏக்கர். அவருக்குப் பெயர் கொடுத்த ஊரைப் போல இரண்டு மடங்கு பெரிய கோட்டைக்குள் அவர் குடியிருந்திருக்கிறார்.

இவ்வளவு சின்ன ஊரின் பெயர் எப்படி உலகம் முழுக்கப் போனது?

ஊரை விட்டுக் கிளம்பியதும் பெயர் பிறக்கும்

ஊர்ப் பெயரைச் சர்நேமாக வைத்துக்கொள்ளும் வழக்கத்தில் ஒரு விதி இருக்கிறது. நாவல்காட்டில் குடியிருக்கும் ஒருவரை, அதே ஊரில் யாரும் ‘நாவல்காட்டுக்காரர்’ என்று கூப்பிட மாட்டார்கள். எல்லோருமே நாவல்காட்டுக்காரர்கள்தானே! அவர் நாகர்கோவிலுக்கோ மதுரைக்கோ போகும்போதுதான் அந்தப் பெயர் அவரோடு ஒட்டும்.

லனாயும் அப்படித்தான். ஊரின் பிரபுக்கள் அந்தப் பெயரை உரிமையோடு வைத்துக்கொண்டார்கள். சாதாரண ஜனங்களுக்கு, ஊரை விட்டு வெளியேறியதும் அந்தப் பெயர் வந்து சேர்ந்தது.

பிரபுக்களில் புகழ்பெற்றவர் சார்லஸ் டி லனாய். 1525-ம் ஆண்டு பிப்ரவரியில், இத்தாலியின் பவியா என்ற இடத்தில் நடந்த போரில் பிரான்ஸ் மன்னர் முதலாம் ஃபிரான்சிஸ் தோற்றபோது, அவர் சரணடைந்தது இந்த லனாயிடம்தான். 216 ஆண்டுகள் கழித்துக் குளச்சலில் இன்னொரு லனாய் சரணடைந்தார். ஒரு பெயருக்கு வெற்றியும் தெரியும், தோல்வியும் தெரியும்.

இங்கிலாந்துக்கும் இந்தப் பெயர் போனது, அதுவும் விநோதமான ஒரு வேலைக்காக. 1560-களில் கொர்னேலியஸ் டி லனாய் என்ற ரசவாதி லண்டனுக்கு வந்தார். மட்டமான உலோகத்தைத் தங்கமாக்கித் தருகிறேன் என்று முதலாம் எலிசபெத் அரசிக்கு வாக்குக் கொடுத்தார். தங்கம் வரவில்லை. மனிதர் லண்டன் டவர் சிறைக்குப் போய்ச் சேர்ந்தார்.

அதே காலத்தில் லனாய், ரூபே, லீல் பகுதிகளில் இருந்த நெசவாளர்கள் கூட்டம் கூட்டமாக ஊரை விட்டுக் கிளம்பினார்கள். அவர்களில் பலர் புராட்டஸ்டன்ட் சமயத்துக்கு மாறியவர்கள். அன்று அந்தப் பகுதியை ஆண்ட ஸ்பெயின் அரசு அவர்களைக் கடுமையாக ஒடுக்கியது. இங்கிலாந்தின் நார்விச், கேன்டர்பரி நகரங்களுக்கும், ஹாலந்தின் லெய்டன் நகருக்கும் அவர்கள் தறியோடும் தொழிலோடும் அகதிகளாகப் போனார்கள்.

லெய்டனில் இருந்து வெள்ளை மாளிகைக்கு

அப்படி லெய்டனுக்குப் போன ஒரு குடும்பத்தில் பிறந்தவர் ஃபிலிப் டி லனாய். அவருடைய சித்தியின் கணவர் 1620-ல் புகழ்பெற்ற மேஃப்ளவர் கப்பலில் அமெரிக்காவுக்குப் போனவர். அடுத்த ஆண்டே, 1621-ல், ‘ஃபார்ச்சூன்’ என்ற கப்பலில் ஃபிலிப்பும் பிளிமத் குடியேற்றத்துக்குப் போய் இறங்கினார். அப்போது அவருக்கு இருபது வயதுகூட ஆகியிருக்காது.

அங்கே இருந்தவர்கள் ஆங்கிலேயர்கள். அவர்களுடைய காதில் விழுந்ததை அவர்கள் எழுதினார்கள். ‘டி லா நாய்’ என்று எழுதி, பிறகு எல்லாவற்றையும் ஒன்றாகச் சேர்த்து ‘டெலனோ’ ஆக்கிவிட்டார்கள். அரசாங்க அலுவலகத்தில் பெயரைத் தப்பாக எழுதிவிட்டார்கள் என்று இன்று நொந்துகொள்கிறவர்கள், ஆறுதலுக்கு இந்தக் கதையை நினைத்துக்கொள்ளலாம்.

ஃபிலிப்பின் வாரிசுகள் மீன்பிடி, கப்பல், திமிங்கல வேட்டை, வியாபாரம் என்று பெருகினார்கள். அந்த வழியில் வந்த வாரன் டெலனோ, சீனாவின் கேன்டன் துறைமுகத்தில் தேயிலையும் அபினும் வியாபாரம் செய்து பணக்காரர் ஆனார். அவருடைய மகள் சாரா டெலனோ. சாரா 1882-ல் பெற்ற மகனுக்குத் தன் குடும்பப் பெயரையும் நடுவில் சேர்த்து வைத்தார். அவர்தான் ஃபிராங்க்ளின் டெலனோ ரூஸ்வெல்ட். 1933 முதல் 1945 வரை அமெரிக்க ஜனாதிபதி. அதற்கு முன்பு ஜனாதிபதியாக இருந்த யுலிசஸ் கிராண்ட்டும் தாய்வழியில் எங்கோ ஒரு டெலனோவின் வாரிசுதான் என்று குடும்ப வரலாறுகள் சொல்கின்றன.

கிராண்ட்டின் அமைச்சரவையில் உள்துறைச் செயலாளராக இருந்தவர் கொலம்பஸ் டெலனோ. 1873-ல் கலிஃபோர்னியாவில் ரயில்பாதை போட்டவர்கள், ஓர் ஊருக்கு அவருடைய பெயரை வைத்தார்கள். அந்த டெலனோ நகரத்தில்தான் 1965-ல் திராட்சைத் தோட்டத் தொழிலாளர்களின் வரலாற்றுப் புகழ் பெற்ற வேலைநிறுத்தம் தொடங்கியது. ஊர்ப் பெயர் ஆள் பெயர் ஆகி, ஆள் பெயர் மறுபடியும் ஊர்ப் பெயர் ஆகிவிட்டது!

தென் அமெரிக்காவையும் இந்தப் பெயர் விடவில்லை. 19-ம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சிலி நாட்டுக் கடற்படையில் சேரப் போன பால் டெலனோ என்ற அமெரிக்கர் மூலம், சிலியிலும் டெலனோக்கள் உருவானார்கள். அந்த நாட்டின் எழுத்தாளர்கள் சிலருக்கு இதுதான் குடும்பப் பெயர்.

பெல்ஜியத்தில் பழைய பிரபுக் குடும்பம் இன்னமும் ‘டி லனாய்’ என்றே இருக்கிறது. அந்த வீட்டுப் பெண்ணான ஸ்டெஃபனி டி லனாய், 2012 அக்டோபரில் லக்சம்பர்க் இளவரசர் கியோமைத் திருமணம் செய்தார். கியோம் 2025 அக்டோபரில் அரியணை ஏறியதும், ஸ்டெஃபனி அந்த நாட்டின் ‘கிராண்ட் டச்சஸ்’ ஆகிவிட்டார்.

பெயர் ஒன்று... ரத்தம் ஒன்றா?

இதையெல்லாம் படித்ததும், ‘அப்படியானால் உதயகிரி டி லனாய்க்கு ரூஸ்வெல்ட் சொந்தக்காரரா?’ என்ற கேள்வி வருவது இயல்பு.

அப்படிச் சொல்ல முடியாது. நாவல்காட்டில் இருந்து பத்துக் குடும்பங்கள் பத்து ஊர்களுக்குப் போனால், பத்துப் பேருமே நாவல்காட்டுக்காரர்கள்தான். அவர்கள் ஒருவருக்கொருவர் சொந்தமாக இருக்க வேண்டும் என்று கட்டாயம் இல்லை. அமெரிக்க டெலனோ குடும்பத்தைப் பிரபுக் குடும்பத்தோடு சேர்த்துச் சொன்ன பழைய வம்ச வரலாறுகள் உண்டு. ஆனால், பிற்கால ஆய்வாளர்கள் அந்த இணைப்பைச் சந்தேகத்தோடுதான் பார்க்கிறார்கள். வம்ச வரலாற்றை எழுதச் சொல்லி ஒருவர் காசு கொடுத்தால், மூதாதையரில் ஒரு பிரபுவாவது கிடைக்காமல் போவதில்லை!

இன்னொரு சுவாரஸ்யம். 17, 18-ம் நூற்றாண்டுத் திருவிதாங்கூரைப் பற்றி, டச்சு ஆவணங்களை எல்லாம் புரட்டி எழுதப்பட்ட முக்கியமான ஆய்வு நூல் 1997-ல் லெய்டனில் வெளியானது. அதை எழுதியவரின் பெயர் மார்க் டி லனாய்! பெயரைப் பார்த்து மட்டும் உறவை முடிவு செய்யக் கூடாது என்பதற்கு இதைவிட நல்ல பாடம் வேண்டுமா?

ஊர்ப் பெயரில் அமைந்த சர்நேம், ஒருவரின் முன்னோர் எந்த ஊரை விட்டுக் கிளம்பினார்கள் என்பதைச் சொல்லும். அதற்கு மேல் ஒன்றும் சொல்லாது.

உதயகிரியில் நின்ற பெயர்

தக்கலை - நாகர்கோவில் நெடுஞ்சாலையை ஒட்டியிருக்கும் உதயகிரிக் கோட்டை, இன்று வனத்துறையின் பல்லுயிர்ப் பூங்கா. குடும்பத்தோடு வருகிறவர்கள் மான்களையும் பறவைகளையும் பார்த்துவிட்டு, உள்ளே கூரை இல்லாமல் நிற்கும் பழைய தேவாலயம் வரை நடந்து போகிறார்கள். அதற்குள்தான் டி லனாயின் கல்லறை. கல்வெட்டு லத்தீனிலும் தமிழிலும் இருக்கிறது. வழிப்போக்கரை நிற்கச் சொல்லி, இங்கே அடங்கியிருப்பவர் இந்த மண்ணின் அரசருக்கு எவ்வளவு காலம் விசுவாசமாக இருந்தார் என்பதை அது சொல்கிறது.

பக்கத்திலேயே அவருடைய மனைவி, மகன் கல்லறைகளும் உள்ளன. மகன் ஜான், அப்பாவைப் போலவே படையில் சேர்ந்தவர். 1765-ல் களக்காட்டில் நடந்த சண்டையில், இளம் வயதிலேயே உயிரை விட்டார். அப்பாவுக்கு முன்பே 12 ஆண்டுகள் முந்திக்கொண்டார்.

தந்தை வழியாக மகனுக்குப் போக வேண்டிய பெயர், அந்தக் கோட்டைக்குள் அப்படித்தான் நின்றுபோனது. அமெரிக்காவில் 20 வயதுகூட ஆகாமல் இறங்கிய ஒருவருடைய பெயர் ஆயிரக்கணக்கானவர்களுக்குப் போய்ச் சேர்ந்தது. 20 வயதையொட்டிக் களக்காட்டில் விழுந்த ஒருவரோடு இங்கே அது முடிந்தது. ஒரு குடும்பப் பெயர் பரவுவதும் அரிதாகிப்போவதும் பெரும்பாலும் இவ்வளவுதான். பிள்ளைகள் பிழைத்தார்களா, இல்லையா என்பதுதான்.

தமிழரின் ‘சர்நேம்’ எங்கே?

சரி, ஊர்ப் பெயரைச் சேர்த்துக்கொள்வது தமிழர்களுக்குப் புதிதா? இல்லவே இல்லை. கலைவாணர் என்.எஸ்.கிருஷ்ணனின் பெயரில் இருக்கும் ‘என்’, நாகர்கோவில். ‘எஸ்’, அப்பா சுடலைமுத்து. எழுத்தாளர் நாஞ்சில் நாடன் தன் மண்ணையே பெயராக வைத்துக்கொண்டார். மறைந்த தலைவர் குமரி அனந்தனின் பெயருக்கு முன்னால் இருந்தது மாவட்டத்தின் பெயர்.

வித்தியாசம் ஒன்றுதான். நாகர்கோவில் என்ற ‘என்’ கலைவாணரோடு நின்றுவிட்டது. குமரி அனந்தனின் மகள் தமிழிசை, பெயரோடு குமரியைச் சேர்த்துக்கொள்ளவில்லை. கணவர் பெயரான சௌந்தரராசன்தான் அவருக்குப் பின்னால் வந்தது. லனாய் என்ற ஊர், பல தலைமுறை தாண்டியும் ரூஸ்வெல்ட்டோடு போனது. தமிழில் ஊரும் அப்பா பெயரும் ஒரு தலைமுறைக்கு மட்டும்.

குமரி மாவட்டத்தின் மேற்குப் பகுதியில், விளவங்கோடு, கல்குளம் பக்கம், வீட்டுப் பெயர் வழக்கம் இன்னும் உயிரோடு இருக்கிறது. முகவரியில் ‘விளை’ என்றோ ‘வீடு’ என்றோ முடியும் ஒரு பெயர் கட்டாயம் இருக்கும். ஹெப்சிபா ஜேசுதாசன் 1964-ல் வெளியான தன் நாவலுக்கு ‘புத்தம் வீடு’ என்று தலைப்பு வைத்தது, இந்த மண்ணின் வழக்கம் தெரிந்துதான். ஆனால், அந்த வீட்டுப் பெயரும் முகவரியோடு நின்றுவிடுகிறது. ரேஷன் கார்டில் இருக்கும். பாஸ்போர்ட்டின் சர்நேம் கட்டத்துக்குள் வராது.

ஒரு காலத்தில் தமிழ்ப் பெயர்களுக்குப் பின்னால் தலைமுறை தாண்டி நின்ற ஒரே வால், சாதி. 1929 பிப்ரவரியில் செங்கல்பட்டில் நடந்த சுயமரியாதை மாநாட்டில், சாதிப் பட்டத்தைக் கைவிட வேண்டும் என்று முடிவெடுத்தார்கள். மாநாட்டுக்கு வந்தவர்கள் பலர் அங்கேயே தங்கள் வாலை வெட்டிக்கொண்டார்கள். தமிழ்நாட்டில் இன்று சர்நேம் கட்டம் காலியாக இருப்பதற்குப் பின்னால் ஒரு நூற்றாண்டுப் போராட்டம் இருக்கிறது என்பதை, விமான நிலைய கவுன்ட்டரில் இருப்பவருக்கு எப்படிப் புரியவைப்பது?

கடற்கரையில் மட்டும் ஒரு விதிவிலக்கு

தமிழர்களில் தலைமுறை தாண்டும் குடும்பப் பெயர் உள்ளவர்களும் இருக்கிறார்கள். தூத்துக்குடியில் இருந்து மணப்பாடு, உவரி, கன்னியாகுமரி வரை கடற்கரையில் நடந்தால் பர்னாந்து, ரொட்ரிகோ, கோமஸ், மிராண்டா, குரூஸ் என்ற பெயர்கள் காதில் விழும். 1530-களில் முத்துக்குளித்துறைப் பரதவர்கள் போர்ச்சுக்கீசியரின் துணை தேடி, கத்தோலிக்க சமயத்தில் சேர்ந்தபோது வந்த பெயர்கள் அவை. ஞானஸ்நானம் கொடுத்தவரின் பெயர், ஞானத்தந்தையாக நின்றவரின் பெயர் என்று ஒட்டிக்கொண்டவை. லிஸ்பனில் இருக்கும் பர்னாந்துவுக்கும் தூத்துக்குடி பர்னாந்துவுக்கும் ரத்த சம்பந்தம் தேட வேண்டியதில்லை.

இந்தப் பெயர்கள் கடலைத் தாண்டி மன்னார், நீர்கொழும்பு, கொழும்பு வரை பரவியிருக்கின்றன. இலங்கையில் எங்கு திரும்பினாலும் இருக்கும் பெரேரா என்ற பெயருக்கு, போர்ச்சுக்கீசிய மொழியில் பேரி மரம் என்று பொருள். லனாயைப் போல இதற்குள்ளும் ஒரு மரம்தான்.

தூத்துக்குடியில் 1927-ல் பிறந்து தமிழ் சினிமாவையே சிரிக்கவைத்த சந்திரபாபுவின் முழுப் பெயர் ஜோசப் பனிமயதாஸ் ரொட்ரிக்ஸ். முதல் பெயர் பைபிளில் இருந்து, நடுப் பெயர் ஊர்க் கோயிலின் பனிமய மாதாவிடம் இருந்து, கடைசிப் பெயர் போர்ச்சுக்கலில் இருந்து! ‘கொற்கை’ நாவலுக்காக 2013-ல் சாகித்ய அகாடமி விருது பெற்ற உவரிக்காரர் ஜோ டி குரூஸின் பெயரில் இருப்பது, சிலுவை.

குமரியின் மேற்குக் கடற்கரையில் கதை வேறு. 1544-ம் ஆண்டு நவம்பர், டிசம்பரில் புனித சவேரியார் இந்தக் கடற்கரை ஊர்களில் நடந்து நடந்து ஞானஸ்நானம் கொடுத்தார். ஒரே மாதத்தில் 10,000 பேருக்கு மேல் என்று அவரே கடிதத்தில் எழுதியிருக்கிறார். ஒவ்வொருவருக்கும் புதிய பெயரைத் தன் கையாலேயே எழுதிக் கொடுத்ததையும் அந்தக் கடிதம் சொல்கிறது. அவ்வளவு கூட்டத்திலும் பெயர் முக்கியம் என்று அவருக்குத் தெரிந்திருந்தது.

வால் இல்லாத ஒரு பெயர்

உதயகிரிக்குத் திரும்புவோம். டி லனாய் தன் குடும்பப் பெயரை இந்த மண்ணில் விட்டுச் செல்லவில்லை. ஆனால், அவர் காரணமாக இன்னொரு பெயர் பிறந்தது.

நட்டாலத்தைச் சேர்ந்த நீலகண்ட பிள்ளை, திருவிதாங்கூர் அரசுப் பணியில் இருந்தவர். துன்பங்களால் சோர்ந்திருந்த அவருக்கு, பைபிளில் வரும் யோபுவின் கதையைச் சொன்னவர் டி லனாய். 1745 மே 14-ம் தேதி வடக்கன்குளத்தில் அவர் ஞானஸ்நானம் பெற்றார். அவருக்கு வைக்கப்பட்ட பெயர் லாசர். ‘கடவுள் உதவினார்’ என்று பொருள். அதை அப்படியே தமிழில் சொன்னார்கள்: தேவசகாயம்.

1752 ஜனவரி 14-ம் தேதி, ஆரல்வாய்மொழிக்கு அருகே காற்றாடிமலையில் அவர் சுட்டுக் கொல்லப்பட்டார். அவருடைய உடல் கோட்டாறு சவேரியார் ஆலயத்தில் அடக்கம் செய்யப்பட்டது. 2022 மே 15-ம் தேதி வாடிகனில் போப் ஃபிரான்சிஸ் அவரைப் புனிதராக அறிவித்தார். இந்தியாவில் இருந்து அந்தப் பட்டம் பெற்ற முதல் பொதுநிலையினர் அவர்.

அதற்கு முன்பு ஒரு திருத்தம் நடந்தது. நீண்ட காலமாக ‘தேவசகாயம் பிள்ளை’ என்றே அவர் குறிப்பிடப்பட்டு வந்தார். எல்லோரும் சமம் என்று சொன்னவரின் பெயருக்குப் பின்னால் சாதிப் பட்டம் எதற்கு என்ற எதிர்ப்பு கிளம்பியது. வாடிகன் அதை ஏற்றுக்கொண்டு, ‘பிள்ளை’யை நீக்கியது. இன்று அவர் வெறும் தேவசகாயம்.

ஒரே கோட்டையோடு தொடர்புடைய இரண்டு பேர். ஒருவருடைய சர்நேம் வாரிசு இல்லாமல் போனது. இன்னொருவருடைய வால், வேண்டாம் என்று வெட்டப்பட்டது. தேவசகாயம் என்ற பெயரோ, குமரி மாவட்டத்தில் பிள்ளைகளுக்கு வைக்கும் பெயராக இன்றும் வாழ்கிறது.

அப்படியானால் அந்தக் கட்டத்தில் என்ன எழுதுவது?

இந்தக் கேள்வி வெறும் ஆர்வத்துக்கானது அல்ல. 2022 நவம்பர் 21 முதல், பாஸ்போர்ட்டில் ஒற்றைப் பெயர் மட்டும் உள்ளவர்களுக்கு விசிட் விசாவில் அனுமதி இல்லை என்று ஐக்கிய அரபு அமீரகம் அறிவித்தது. பாஸ்போர்ட்டின் கடைசிப் பக்கத்தில் அப்பா பெயர் இருந்தால் ஏற்றுக்கொள்ளலாம் என்று பிறகு விளக்கம் வந்தாலும், அந்த நாள்களில் விமான நிலையத்தில் பதறியவர்கள் பலர். அமெரிக்க விசாவில், ஒற்றைப் பெயர் உள்ளவருக்கு முதல் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் ‘எஃப்.என்.யு’ என்று அச்சாகும். ‘முதல் பெயர் தெரியவில்லை’ என்று அர்த்தம்!

அதனால், சில விஷயங்களை வீட்டில் உட்கார்ந்து பேசி முடித்துவிடுவது நல்லது.

இனிஷியலை விரித்து எழுதும்போது, பள்ளிச் சான்றிதழ், ஆதார், பான் கார்டு, பாஸ்போர்ட் நான்கிலும் ஒரே எழுத்தில் இருக்கட்டும். ஒன்றில் ‘சேவியர்’, இன்னொன்றில் ‘சவேரியார்’ என்று இருந்தால் சிக்கல்தான்.

அப்பா பெயரைச் சர்நேமாகக் கொடுத்தால், வெளிநாட்டு அலுவலகத்தில் உங்களை அப்பா பெயரைச் சொல்லித்தான் கூப்பிடுவார்கள். தாத்தா, அப்பா, பேரன் மூவருக்கும் மூன்று சர்நேம் வரும். உறவை நிரூபிக்கப் பிறப்புச் சான்றிதழ்களைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள்.

குழந்தைக்குப் பெயர் வைக்கும்போதே, இரண்டாவது கட்டத்தில் என்ன வரப்போகிறது என்பதையும் முடிவு செய்துவிடுங்கள். ஊர்ப் பெயரோ, வீட்டுப் பெயரோ, தாத்தா பாட்டி பெயரோ, எதுவாகவும் இருக்கலாம். சாதி மட்டும்தான் அந்தக் கட்டத்துக்குப் பொருந்தும் என்று யாராவது சொன்னால், லனாயைக் காட்டுங்கள். 44 ஏக்கர் ஊர், ஒரு மரக்கூட்டம், அவ்வளவுதான் அந்தப் பெயர். அது வெள்ளை மாளிகை வரை போயிருக்கிறது.

அடுத்த முறை உதயகிரிக்குப் போனால், மான்களைப் பார்த்துவிட்டு அந்தக் கல்லறைப் பக்கமும் ஒரு நிமிடம் நில்லுங்கள். கூட வரும் பாட்டியிடமோ தாத்தாவிடமோ, ‘நம்ம வீட்டுப்பேரு என்ன?’ என்று கேட்டு, போனில் பதிவு செய்துகொள்ளுங்கள். அதைச் சொல்லத் தெரிந்தவர் அந்த வீட்டில் அவர் ஒருவராகவே இருக்கலாம்.